பதினொரு பேப்பர், ஐந்து என்ற எண்: எச்-இண்டெக்ஸ் கேட்கும் நிர்வாகத்துக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி:

ஐயா, வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன மாதம் நிர்வாகம் ஒரு படிவம் கொடுத்தது. மொத்தப் பேப்பர், மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் நம் பேப்பரை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டரின் கூட்டுத்தொகை எல்லாம் நிரப்ப வேண்டும். எச்-இண்டெக்ஸ் 8க்குக் கீழே இருப்பவர்கள் விளக்கக் கடிதம் தர வேண்டுமாம். கூகுள் ஸ்காலர் எனக்கு 14 பேப்பர், 121 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 6 என்று காட்டுகிறது. அதில் மூன்று பேப்பர் என்னுடையவை அல்ல. என் பெயரே உள்ள வேறு யாரோ எழுதிய பட்டுப்புழுப் பேப்பர்கள். தானாக வந்து ஒட்டிக்கொண்டன. எதிர் அறையில் நானோ பொருள் வேலை செய்யும் வேதியியல் பேராசிரியருக்கு எச்-இண்டெக்ஸ் 23. நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்டாஃப் ரூமில் இதை வைத்துக் கேலி வேறு. வாட்ஸாப்பில் ஒருவர் சைட்டேஷனுக்கு விலைப்பட்டியலே அனுப்பியிருக்கிறார். இத்தனை வருடம் கொள்ளு வேர் முடிச்சையும் மாங்கூழில் வரும் பாக்டீரியாவையும் பார்த்துக்கொண்டு இருந்ததற்கு மதிப்பு இவ்வளவுதானா? அந்த மூன்று பேப்பரை அப்படியே விட்டுவிடலாமா? என் ஸ்காலர் பக்கத்தின் இணைப்பை அனுப்பியுள்ளேன்.

பெயர் வேண்டாம், பென்னாகரம் பக்கம்

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த இணைப்பைத் திறந்து பார்த்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் இதே வேலையாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். இன்னொருவருடைய சைட்டேஷன் பட்டியலைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதனால் பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பட்டுப்புழுவை எடுத்துவிட்டால் உங்களுக்கு 11 பேப்பர். ஒவ்வொன்றுக்கும் வந்த சைட்டேஷனைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 31, 22, 14, 9, 6, 5, 4, 2, 1, 0, 0. கூட்டினால் 94. குறைந்தது ஐந்து சைட்டேஷன் வாங்கிய பேப்பர் ஐந்து இருந்தால் எச்-இண்டெக்ஸ் 5, ஆறு வாங்கியவை ஆறு இருந்தால் 6. இனி மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது பேப்பருக்கு 6 இருக்கிறது. ஐந்துக்குக் குறையவில்லை, சரி. ஆறாவது பேப்பருக்கு 5தான், ஆறு இல்லை. அங்கே நிறுத்த வேண்டும். உங்கள் எச்-இண்டெக்ஸ் 5. பத்தும் அதற்கு மேலும் வாங்கியவை மூன்று என்பதால், ஸ்காலர் காட்டுகிற ஐ10 உங்களுக்கு 3. இவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

இந்தக் கணக்கில் என்ன மறைகிறது என்று பாருங்கள். 31 வாங்கிய அந்த முதல் பேப்பர் நாளைக்கு 3,100 வாங்கினாலும் உங்கள் எச்-இண்டெக்ஸ் ஐந்தாகவேதான் இருக்கும். இதை 2005இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்காரர். ஒரே ஒரு எண் ஒரு மனிதரின் பலமுகப்பட்ட வேலையைத் தோராயமாகத்தான் காட்டும் என்று அவரே அந்தக் கட்டுரையில் எச்சரித்திருந்தார். துறைக்குத் துறை இது வேறுபடும் என்பதையும் சொல்லியிருந்தார். அதை யாரும் படிக்கவில்லை, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் அவரே தன் பிள்ளையைப் பற்றிக் குறைப்பட்டு எழுத வேண்டி வந்தது.

இன்னொன்று. படிவத்தில் ‘எச்-இண்டெக்ஸ்’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே அரைகுறை. எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்பது இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. ஸ்கோபஸ் என்ற சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளத்தில் உங்களைத் தேடினேன். அங்கே 8 பேப்பர், 57 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 4. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு, இணையத்தில் போட்டு வைத்த பி.டி.எஃப். எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களில் வந்ததைத்தான் முக்கியமாக எண்ணும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு எண். எதிர் அறைக்காரரின் 23 எங்கே எடுத்தது என்று யாராவது கேட்டார்களா?

அவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நல்ல உழைப்பாளியாகவே இருக்கலாம். நானோ பொருள் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துறையில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன; ஒரு பேப்பரின் கடைசியில் அறுபது எழுபது மேற்கோள் சாதாரணம்; போன வருடப் பேப்பரை இந்த வருடமே சுட்டுகிறார்கள். கொள்ளுப் பயிரின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவான ரைசோபியத்தைப் பற்றி உலகத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? இந்தியாவை விட்டால் வேறு எங்கே அதை இவ்வளவு விதைக்கிறார்கள்? பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி தினமும் கிரேட் கிரேட்டாக இறங்கும். கொள்ளு வருடத்துக்கு ஒருமுறைதான் மூட்டை ஏறும். வண்டியை எண்ணி எந்த விவசாயி கெட்டிக்காரர் என்று முடிவு செய்ய முடியுமா?

நுண்ணுயிரியலுக்கு உள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. மருத்துவ நுண்ணுயிரியலில், அதுவும் 2020இல் கொரோனா பற்றி எழுதியவர்களுக்குச் சைட்டேஷன் மழையாகக் கொட்டியது. மண் நுண்ணுயிரியலில் அப்படி ஒரு மழை வரவே வராது. இதைச் சரிசெய்யத்தான் ஒரு பேப்பருக்கு வந்ததை, அதே துறையில் அதே வருடம் வந்த அதே வகைப் பேப்பர்களின் உலகச் சராசரியால் வகுத்துப் பார்க்கிற கணக்கு வந்தது. ஸ்கோபஸ் தரவில் அது ஒவ்வொரு பேப்பர் பக்கத்திலும் இருக்கும். ஒன்று என்றால் உலகச் சராசரி. உங்கள் கல்லூரியில் ஸ்கோபஸ் சந்தா இல்லையென்றால், சந்தா இருக்கிற பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒருநாள் போய் உட்காருங்கள். உங்களுடைய எட்டுக்கும் குறித்துக்கொண்டு வந்துவிடலாம், அரை மணி நேர வேலை.

இப்போது நான் நிஜமாகச் சொல்ல வந்தது. எண்ணை விட்டுவிட்டு அதன் மேல் சொடுக்கிப் பார்த்தீர்களா? ‘சைட்டட் பை 31’ என்று நீல எழுத்தில் இருக்குமே, அதன் உள்ளே போனீர்களா? போகவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான் போனேன்.

31 வாங்கிய பேப்பர், பழச்சாறுகளில் வரும் அலிசைக்ளோபேசில்லஸ் பற்றிய உங்கள் தொகுப்புக் கட்டுரை. வாசகர்களுக்கு ஒரு வரி: அமிலத்தையும் தாங்கி, சூட்டையும் தாங்கி, வித்தாகச் சுருண்டு கிடந்துவிட்டு, பிறகு முளைத்துக் கூழுக்கு மருந்து வாடை ஏற்றிவிடும் பாக்டீரியா அது. கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்த வாடை என்றாலே வயிற்றைக் கலக்கும். கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பத்தொன்றில் பதினேழைத் திறந்து பார்த்தேன். பதினான்கில் முன்னுரையின் இரண்டாவது வரியில் நான்கைந்து பேரோடு சேர்த்துப் போகிற போக்கில் உங்கள் பெயரையும் போட்டிருக்கிறார்கள். தொகுப்புக் கட்டுரைக்கு இது சகஜம். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காத கட்டுரைக்குத்தான் பல நேரம் சைட்டேஷன் அதிகம், ஏனென்றால் எழுதுகிறவருக்கு அது வசதி.

22 வாங்கியதில் நீங்கள் ஆறு பேரில் நான்காவது. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

பட்டியலில் ஏழாவதாக, வெறும் 4 சைட்டேஷனோடு கிடக்கிறது பாருங்கள், பென்னாகரம் மானாவாரி நிலத்துக் கொள்ளுச் செடியின் வேர் முடிச்சிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த ரைசோபியம் பேப்பர். அந்த நாலில் ஒன்று நீங்களே பிறகு எழுதியது. இன்னொருவர் மண்ணின் காரத்தன்மை பற்றிய ஒரு வரிக்காகச் சுட்டியிருக்கிறார். மூன்றாவது ஒரு பெரிய தொகுப்பின் அட்டவணையில் ஒரு வரிசை. நான்காவது, கர்நாடகத்தில் ஒரு வேளாண் மாணவரின் முதுநிலை ஆய்வேடு. அதைத் திறந்தேன். ‘செய்முறை’ என்ற பகுதியில் முழுசாக ஒன்றரைப் பக்கம் உங்கள் முறை. முடிச்சைக் கழுவி, மேற்பரப்பைத் தூய்மை செய்து, நசுக்கி, தட்டில் இழுத்து, எந்தக் காலனியை எடுப்பது என்பது வரை நீங்கள் எழுதியதைப் படிப்படியாகப் பின்பற்றியிருக்கிறார். அப்புறம் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, கொள்ளு விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, நிலத்தில் விதைத்தே பார்த்துவிட்டார். கடைசியில் நன்றி சொல்லும் பக்கத்தில், தொலைபேசியில் சந்தேகம் தீர்த்ததற்காக உங்கள் பெயர். உங்களுக்கு நினைவிருக்கிறதா அந்த அழைப்பு?

இந்த ஒன்று ஸ்கோபஸில் இல்லை, ஆய்வேடு என்பதால். இம்பாக்ட் ஃபேக்டரில் இல்லை. உங்கள் எச்-இண்டெக்ஸுக்கு இது ஒரு தூசிகூடச் சேர்க்கவில்லை, ஏழாவது பேப்பர் என்பதால். ஆனால் உங்கள் 94இல் என்னை யாராவது ஒன்றைப் பொறுக்கச் சொன்னால் இதைத்தான் பொறுக்குவேன்.

இந்தச் சைட்டேஷன் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் யோசனையாக எழுதி, 1960களில் அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்த குறியகராதி அது. யார் யாரைச் சுட்டினார்கள் என்று பிடித்துக்கொண்டே போனால் ஒரு யோசனை எங்கெல்லாம் பயணம் போனது என்று தெரியும். தேடுவதற்கான கருவியாகத்தான் அதை முதலில் நினைத்தார், ஆளை அளக்க அல்ல. அப்போது ‘இது எங்களுக்குத் தேவை, செய்யுங்கள்’ என்று அவரைத் தூண்டி, அரசு மானியம் கிடைக்க வழி செய்தவர் யார் தெரியுமா? ஜோஷுவா லெடர்பெர்க். பாக்டீரியாக்களும் மரபணுவைக் கலந்துகொள்கின்றன என்று காட்டி 1958இல் நோபல் வாங்கிய உங்கள் துறைக்காரர். முதலில் போட்ட சோதனைப் பதிப்பே மரபியல் பேப்பர்களுக்குத்தான்.

அதே கார்ஃபீல்டும் அதே லெடர்பெர்க்கும் ஒரு கல்கத்தாக்காரர் விஷயத்தில் மறுபடி சந்திக்கிறார்கள். சம்பு நாத் தே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூறியல் பேராசிரியர். காலரா எப்படி ஆளைக் கொல்கிறது என்பது அதுவரை பிடிபடவில்லை. கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் 1884இல் அதே கல்கத்தாவில் உறுதி செய்து, அது நச்சு சுரக்கிறது என்று ஊகித்தும் சொல்லிவிட்டார். ஆனால் எழுபத்தைந்து வருடம் யாராலும் அந்த நச்சைக் காட்ட முடியவில்லை. தே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டினார். கிருமியை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தை அந்தத் துண்டுக்குள் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து வீங்கியது. ஆக, கிருமி வேண்டாம், அது விட்டுப்போன நச்சே போதும். 1959இல் நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரை. பெரிய கருவி எதுவும் இல்லை.

வந்த புதிதில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. லெடர்பெர்க் அவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1985இல் தே காலமானார். அடுத்த வருடம் கார்ஃபீல்ட் தன் சைட்டேஷன் தரவையே எடுத்து வைத்துக்கொண்டு, காலரா ஆராய்ச்சி முழுக்க இந்த மனிதரிலிருந்து எப்படிக் கிளை விரிந்தது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். 1960களின் தொடக்கத்தில் எந்தக் கல்லூரி நிர்வாகமாவது தே அவர்களிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால், அவரும் விளக்கக் கடிதம் எழுதியிருப்பார்.

உடனே ‘ஆகவே சைட்டேஷன் பொய்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்ஃபீல்ட் அந்த மனிதரை மீட்டெடுத்ததே சைட்டேஷனை வைத்துத்தான். எண்ணை மட்டும் பார்க்காமல் யார், எதற்காக, எந்த இடத்தில் சுட்டினார்கள் என்று பின்தொடர்ந்து போனார். நூலகக்காரன் செய்ய வேண்டியதும் அதுதான். நாங்களே அதை மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.

அடுத்து, இம்பாக்ட் ஃபேக்டரின் கூட்டுத்தொகை. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, மன்னிக்கவும். அது உங்கள் மதிப்பெண்ணே அல்ல, ஜர்னலின் மதிப்பெண். முந்தைய இரண்டு வருடத்தில் அந்த ஜர்னலில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை முறை சுட்டினார்கள் என்று எடுத்து, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. சராசரி. சராசரி என்றால் ஒரு ஆள் பாரத்தை இன்னொரு ஆள் தூக்குவது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா-ஏ என்ற படிகவியல் ஜர்னலுக்கு 2ஐ ஒட்டித்தான் இம்பாக்ட் ஃபேக்டர் இருந்தது. 2009இல் அது கிட்டத்தட்ட 50 ஆகிவிட்டது. ஜர்னல் ஒரே வருடத்தில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிட்டதா? இல்லை. 2008இல் ஷெல்ட்ரிக் என்பவர் தன் கணினி நிரலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த நிரலைப் பயன்படுத்துகிற உலகம் முழுக்க அதைச் சுட்டியது. அந்த ஜர்னலில் அந்த வருடம் எழுதிய மற்ற அத்தனை பேருக்கும் இலவச உயர்வு.

செய்முறைக் கட்டுரைகளுக்கு எப்போதும் இப்படித்தான். உங்கள் ஆய்வகத்தில் புரதத்தை அளக்க நீல நிறம் வரவைப்பீர்களே, லௌரி முறை, 1951. உலகத்திலேயே அதிகம் சுட்டப்பட்ட கட்டுரை அதுதான், மூன்று லட்சத்துக்கும் மேல். அதனால் லௌரிதான் உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானி என்று எவரும் சொன்னதில்லை, லௌரியும் சொன்னதில்லை.

பதவி உயர்வுக்கு எது உண்மையில் பயன்படும் என்று கேட்டால், யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. அறிவியல் பாடத்தில் ஒரு பேப்பருக்கு 8 மதிப்பெண். ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டருக்குத் தக்க அதன் மேல் கூடுதல்: ஒன்றுக்குக் கீழே என்றால் 10, ஒன்றிலிருந்து இரண்டுக்கு 15, இரண்டிலிருந்து ஐந்துக்கு 20 என்று ஏறும். இரண்டே ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. எச்-இண்டெக்ஸுக்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது. 8 என்ற கோடு உங்கள் நிர்வாகம் தானாகப் போட்டது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இம்பாக்ட் ஃபேக்டரை ‘தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்படி’ பார்க்கச் சொல்கிறது அந்த விதிமுறை. அந்த நிறுவனம் அந்தத் தொழிலை 2016இலேயே கைமாற்றிவிட்டது, இப்போது நடத்துவது கிளாரிவேட். இப்படிப் பழைய பெயர்களோடு ஓடுகிற விதிகளும் பட்டியல்களும் அடிக்கடி மாறும். ஏற்கத்தக்க ஜர்னல்களின் யு.ஜி.சி.-கேர் பட்டியலே 2025இல் கைவிடப்பட்டது. உங்கள் உயர்வுத் தேதிக்கு எது பொருந்துமோ அதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, விளக்கக் கடிதம். அதைத் தண்டனையாக நினைத்தீர்கள் போலிருக்கிறது. நான் அதை வாய்ப்பாக நினைக்கிறேன், ஏனென்றால் 23 வைத்திருக்கிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் எண்கள், தேதியோடு, இடத்தோடு, ஒளிக்காமல்: ‘இன்ன தேதியில் கூகுள் ஸ்காலரில் 11 கட்டுரை, 94 மேற்கோள், எச்-இண்டெக்ஸ் 5, ஸ்கோபஸில் 8 கட்டுரை, 57 மேற்கோள், எச்-இண்டெக்ஸ் 4. 94இல் 13 என் சொந்த மேற்கோள்கள்.’ சொந்த மேற்கோள் பாவம் இல்லை. தொடர்ந்து ஒரே விஷயத்தைச் செய்கிறவர் தன் முந்தைய வேலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்களே பிரித்துக் காட்டிவிட்டால் வேறு யாரும் தோண்ட மாட்டார்கள்.

இரண்டாவது பத்தியில் மூன்றே மூன்று கட்டுரை. பதினொன்றும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன, யார் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கர்நாடக மாணவர் இங்கே வர வேண்டும்.

மூன்றாவது பத்தி, எந்தச் சைட்டேஷன் எண்ணிலும் வராதவை. நுண்ணுயிரியல்காரர்கள் இதில் ரொம்ப அசட்டை. உங்கள் ரைசோபியம் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கிறது: சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர் சேமிப்பகத்தில் நீங்கள் ஒப்படைத்த இனத்தின் எண். உங்களுக்கும் எனக்கும் பிறகும் அந்தப் பாக்டீரியா அங்கே இருக்கும். எவரும் எழுதிக் கேட்டு வாங்கி வளர்க்கலாம். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவகத்தில் ஏழு மரபணு வரிசைகள் ஏற்றியிருக்கிறீர்கள். இவற்றைப் படிவத்தில் எழுதும் கட்டம் இல்லையென்றால் கடிதத்தில் எழுதுங்கள். மாங்கூழ்த் தொழிற்சாலைக்காரர் யாராவது வாடை வந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்ததுண்டா? பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ (கே.வி.கே.) பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ விவசாயிகளுக்கு வகுப்பு எடுத்ததுண்டா? இருந்தால் தேதி போட்டு எழுதுங்கள், கடிதமோ அழைப்பிதழோ நகல் வையுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள். ‘சமூகத்துக்குப் பயன்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டால் மொத்தக் கடிதமும் கெட்டுவிடும்.

துறைக்குத் துறை ஒப்பிட முடியாது என்பதற்கு ஆதாரம் கேட்டால் இரண்டு இருக்கிறது. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் செல் உயிரியலாளர்கள் கூடியபோது உருவான டோரா பிரகடனம், தனி ஆய்வாளரை அளக்க இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. 2015இல் நேச்சரில் வந்த லெய்டன் அறிக்கை பத்து நெறிகளைச் சொல்கிறது. எண்ணிக்கை என்பது நிபுணரின் தீர்ப்புக்குத் துணை, மாற்று அல்ல என்பது முதல் நெறி. கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் இவற்றைக் குறிப்பிடுங்கள் போதும். பாடம் நடத்தினால் நிர்வாகத்துக்குப் பிடிக்காது.

பெயர்க் குழப்பம் பற்றி. இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. எஸ். கவிதா என்று ஒருவர் இருந்தால், மாநிலம் முழுக்க எத்தனை எஸ். கவிதா? வெளிநாட்டு ஜர்னல் குடும்பப் பெயர் கேட்கும். நாம் அப்பா பெயரைப் போடுவோம், கல்யாணத்துக்குப் பிறகு சிலர் இனிஷியலையே மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஆள் மூன்று ஆளாக உடைவதும், மூன்று பேர் ஒருவராக ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். நானே இதில் மாட்டியிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு கல்லூரியின் ஆள் தேர்வுக்கு விண்ணப்பதாரர்களின் சைட்டேஷன் அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். ஒருவருக்கு அசத்தலான எண். நேர்காணலில் அந்தப் பையன் எழுந்து, ‘சார், இதில் பாதி என்னுடையது இல்லை, அவர் கோயம்புத்தூரில் ஜவுளி வேதியியல் செய்கிறார்’ என்றான். குழுவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன் தயாரித்த அட்டவணைகளில் எத்தனை பேர் எழுந்து சொல்லாமல் இருந்தார்களோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நீங்கள் உடனே ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண், ஒன்று எடுங்கள். 2012இலிருந்து இருக்கிறது, இலவசம், பதினாறு இலக்கம். இனி அனுப்புகிற ஒவ்வொரு பேப்பரிலும் அதைப் போடுங்கள். ஸ்காலர் அமைப்பில் ‘புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்’ என்பதை அணைத்துவிட்டு, சேர்க்கும் முன் உங்களைக் கேட்கும்படி மாற்றுங்கள்.

வாட்ஸாப்காரருக்கு வருவோம். 2024இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இருவர் இப்படிச் சைட்டேஷன் விற்கிற கடைகளைப் பரிசோதிக்க ஒரு வேலை செய்தார்கள். ரிச்சர்ட்சனின் பாட்டி வீட்டுப் பூனை, பெயர் லாரி. அதன் பெயரில் அர்த்தமில்லாத கணிதப் பேப்பர்களைக் கணினியில் உற்பத்தி செய்து, அவற்றைச் சுட்டும் இன்னும் சில பொய்ப் பேப்பர்களையும் ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் கூகுள் ஸ்காலரில் அந்தப் பூனைக்கு 132 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 11. உங்கள் கல்லூரியில் அது வேலை பார்த்திருந்தால் விளக்கக் கடிதம் தர வேண்டியிருந்திருக்காது. விலை கொடுத்து வாங்கிய சைட்டேஷனில் ஒரு சிக்கல்: அது உங்கள் பக்கத்திலேயே கிடக்கும். எங்கோ ஒரே ஜர்னலில், ஒரே மாதத்தில், கொள்ளுக்கும் ரைசோபியத்துக்கும் சம்பந்தமில்லாத எட்டுக் கட்டுரைகள் உங்களைச் சுட்டியிருந்தால், என்னைப் போன்ற ஒரு ஆளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள், பதில் எழுத வேண்டாம்.

கடைசியாக அந்த மூன்று பட்டுப்புழுப் பேப்பர். அவற்றுக்கு 12, 9, 6 என்று மொத்தம் 27 சைட்டேஷன். அவற்றை விட்டுவைத்தால்தான் உங்களுக்கு 6, எடுத்தால் 5. படிவத்தின் கோடு 8 என்பதால் இரண்டுக்கும் கடிதம் ஒன்றுதான், ஆக அவற்றால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அதோடு, ஓசூர் பக்கமோ எங்கேயோ இன்னொரு பெண் இதே பெயரில் உட்கார்ந்து, தன் 27 எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கலாம். அவர் கல்லூரியிலும் ஒரு படிவம் வந்திருக்கும். ஸ்காலர் பக்கத்தில் உள்நுழையுங்கள் அம்மா, அந்த மூன்றுக்கும் பக்கத்தில் உள்ள கட்டத்தைச் சொடுக்கி, மேலே வரும் ‘நீக்கு’ என்பதை அழுத்துங்கள். 121 என்பது 94 ஆகும், 6 என்பது 5 ஆகும். அதன் பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தேதி தெரிகிறதா என்று பார்த்து, கடிதத்தோடு இணையுங்கள்.